நாட்டின் ஆராய்ச்சிச் செலவும் என் பீரோவும்

வாழ்நாளெல்லாம் ஆராய்ச்சி செய்துவிட்டு, அதை ஆராய்ச்சி என்று வாய்விட்டு ஒத்துக்கொள்ளாமலே போய்ச் சேர்ந்த என் மாமாவுக்கு,

நலமா என்று கேட்பது முறையில்லை. போன இடத்தில் தறி இருக்கிறதா என்று மட்டும் கேட்கிறேன். இருந்தால் இந்நேரம் அதையும் பிரித்துப் போட்டு, "இன்னொரு வாட்டி பார்க்கலாம்" என்று சொல்லிக்கொண்டு இருப்பீர்கள். அந்தப் புடவையை அங்கே யார் தலையில் கட்டுகிறீர்கள் என்பதுதான் என் கவலை.

உங்கள் பட்டு உற்பத்தியாளர் சங்கத்தில் ஆண்டு மலர் போடுகிறார்களாம். சங்கத்துக் கண்ணப்பன் அண்ணன் வந்து உட்கார்ந்துகொண்டு, "அண்ணி, அவரு எத்தினி வருஷம் செயலாளரா இருந்தாரு. அவரைப் பத்தி நீங்களே ஒரு பக்கம் எழுதிக் குடுங்க. தப்பே விழாத கைன்னு தலைப்பு வெச்சிடலாம்" என்றார். சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே சிரிப்பு வந்து காப்பி புரையேறிவிட்டது. நானும் சிரித்தேன். நீங்கள் போனபிறகு இந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்பு அன்றைக்குத்தான்.

ஆனால் என்னை எழுத உட்கார வைத்தது அண்ணன் இல்லை. டில்லியிலிருந்து அந்தப் படிவம் மறுபடியும் வந்திருக்கிறது. நம் நாடு ஆராய்ச்சிக்கு எவ்வளவு செலவு செய்கிறது என்று கணக்கெடுக்கிறார்களே, அதேதான். உங்கள் மகன் சேகர் அதைக் கையில் வைத்துக்கொண்டு, "அம்மா, இதுக்கு இன்னா போடறது?" என்று என்னைக் கேட்டான். இன்னா போட்டோம் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

இனி எழுதப் போவது உங்களுக்குத் தெரிந்த கதைதான். மலர் படிக்கிறவர்களுக்குத் தெரிய வேண்டுமே, அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். இப்போது உங்களுக்கு வேறென்ன வேலை?

நம் ஊரில் பட்டு முதலாளி ஒருவர் புதிதாக எதையாவது தறியில் போட்டுப் பார்த்து அது கெட்டுப் போனால், அந்தப் புடவையை விற்க மாட்டார். கடைக்குப் போனால் பேர் கெடும். வெட்டவும் மாட்டார், பட்டை வெட்டினால் வீட்டுக்கு ஆகாது என்பார். ஆக, பெண்டாட்டி கட்டிக்கொள்ள வேண்டும். சும்மா கட்டிக்கொண்டால் போதாது, இதுதான் லேட்டஸ்ட் என்கிற முகத்தோடு கட்டிக்கொள்ள வேண்டும். கல்யாணம் ஆன புதிதில் நீங்கள் எனக்குக் கற்றுக்கொடுத்த ஒரே வித்தை அந்த முகம்.

உங்களுக்கு எதையும் அப்படியே விட்டு வைக்கத் தெரியாது. பெண்கள் பட்டின் கனத்தைச் சுமக்கிறார்களே என்று ஒருநாள் உங்களுக்கு இரக்கம் பிறந்தது. நூலை மெலியவைத்து, உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி ஒரு புடவை நெய்ய வைத்தீர்கள். தேசூரில் காதுகுத்து. பஸ்ஸில் உட்கார்ந்தபோது ஒன்றும் ஆகவில்லை, எழுந்தபோது முழங்காலில் 'சர்ர்' என்று ஒரு சத்தம். அந்த விசேஷம் முடியும்வரை தாம்பூலத் தட்டை முழங்காலுக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு மரியாதை தெரிந்த பெண் என்று வந்தவர்கள் எல்லாம் மெச்சினார்கள்.

அடுத்து சாயம். கெமிக்கல் வேண்டாம், பூவிலும் இலையிலும் தோலிலும் சாயம் எடுக்கிறேன் என்று வெங்காயத் தோலுக்கு ஓட்டல் ஓட்டலாக ஆள் அனுப்பினீர்கள். அவுரியில் எடுத்த நீலம் பார்க்கக் கண்ணுக்குக் குளிர்ச்சியாகத்தான் இருந்தது. மழையில் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். கழுத்திலிருந்து கை வரை நீலம் இறங்கி, பெண்ணின் சித்தி என்னைப் பார்த்துவிட்டு, "ஐயோ, இந்தம்மாவுக்கு இன்னாவோ கடிச்சிடுச்சி" என்று கத்த, மாப்பிள்ளை அழைப்புக்கு வந்த காரில் என்னை ஆஸ்பத்திரிக்கு ஏற்றப் பார்த்தார்கள். நானோ அந்த முகத்தை விடாமல், "இது புது மாடல்ங்க" என்றேன்.

செண்பகத் தைலத்தில் நூலை ஊறவைத்து வாசனைப் பட்டு நெய்தீர்களே, அதை நான் கோயிலுக்குக் கட்டிப் போனதை விரிவாக எழுதப் போவதில்லை. சாமி மாலையில் இருந்த தேனீ ஒன்றுகூட மாலையில் தங்கவில்லை என்று மட்டும் சொல்கிறேன். குருக்கள் இன்றைக்கும் என்னைக் கண்டால் இரண்டடி தள்ளி நின்றுதான் விபூதி கொடுக்கிறார்.

இதில் என் வயிற்றெரிச்சல் என்ன தெரியுமா? எனக்குப் பட்டே பிடிக்காது. நம் ஊர் வெயிலுக்கு, காற்று மாதிரி மெல்லிசான பருத்தி வாயில் புடவைதான் எனக்குச் சொர்க்கம். அது தெரிந்தவர் உலகத்தில் நீங்கள் ஒருத்தர்தான். ஊருக்கு நான் 'பட்டுப் பைத்தியம்'. ரேஷன் கடைக்குக்கூடப் பட்டு கட்டுகிறவள். உங்கள் தங்கை கோமளா என் காதில் விழட்டும் என்றே, "எங்க அண்ணன் சம்பாதிக்கறதை எல்லாம் அண்ணி மேல சுத்திக்கினு திரியறாங்கோ" என்பாள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் என் பேர் பிழைத்திருக்கும். உங்கள் கை தப்பே விழாத கை என்கிற பேர் போயிருக்கும். என்னத்தைச் சொல்ல? மாமன் மகளாகப் பிறந்து தொலைத்தேனே.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டி, நம் மகள் சுமதிக்கு வரன் வந்தபோதுதான் குடைசாய்ந்தது. வந்தவாசியில் உரக்கடை வைத்திருக்கிற குடும்பம். நல்ல பையன். அவர்களுக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது, பெண்ணுக்கும் பிடித்துவிட்டது. அப்புறம் அவர்கள் நம் ஊரில் விசாரித்தார்கள்.

தரகர் வந்து சொன்னதை மறந்திருக்க மாட்டீர்கள். "தப்பா நினைச்சிக்காதீங்க. வாரத்துக்கு ஒரு புதுப் பட்டு கட்டற அம்மாவோட பொண்ணாச்சே, உரக்கடை தாங்குமான்னு பையனோட அம்மா யோசிக்கறாங்கோ. ஞாயித்துக்கிழமை வந்து முடிவு சொல்றாங்களாம்." சுமதி எழுந்து உள்ளே போய்விட்டாள். அவள் அழுத சத்தம் எனக்கும் கேட்டது, உங்களுக்கும் கேட்டது.

"அவங்ககிட்ட உண்மையைச் சொல்லிடுங்க" என்றேன் நான்.

"சொன்னா யாவாரம் இன்னாவாறது? நாளைக்கு ஒரு கடைக்காரன் நம்மகிட்ட ஆர்டர் குடுப்பானா?"

"பொண்ணு வாழ்க்கை இன்னாவாறது?"

எழுந்து தறிக் கொட்டகைக்குப் போய்விட்டீர்கள். பதில் தெரியாதபோதெல்லாம் நீங்கள் போகிற இடம் அது. எனக்கு வந்த கோபத்துக்கு உங்களோடு பேசவில்லை. பரிமாறும்போது குழம்பை மட்டும் கொஞ்சம் சத்தமாக ஊற்றினேன்.

அந்த வாரம்தான் சங்கத்துக்கு டில்லிக் கடிதம் வந்தது. ஆராய்ச்சிச் செலவைக் கணக்கெடுக்க ஓர் அதிகாரி வருவார், தொழில் செய்கிறவர்கள் ஒத்துழைக்க வேண்டும் என்று. நம் ஆட்களுக்கு 'அதிகாரி', 'செலவு', 'கணக்கு' என்கிற மூன்று வார்த்தையும் ஒரே காகிதத்தில் வந்தால் மீதியைப் படிக்கத் தோன்றுமா? சேல்ஸ் டாக்ஸ் ரெய்டு என்றே முடிவு கட்டிவிட்டார்கள். கண்ணப்பன் அண்ணன் ஜல்தியாகத் தன் ஸ்டாக்கை எல்லாம் லாரி பிடித்து, களம்பூரில் சகலையின் ரைஸ் மில்லில் கொண்டு போய் மறைத்து வைத்தார். அந்த முகூர்த்த சீசன் முழுக்க அவர் விற்ற புடவையில் தவிட்டு வாசனை வந்தது. அதற்கும் மேலே போய், இரண்டு தெருக்காரர்கள் தறியில் ஏற்றியிருந்த பாவு நூலைக்கூட இறக்கி வைத்துவிட்டு, "நாங்க தொழிலை வுட்டுட்டோம்" என்று சொல்லத் தயாராக இருந்தார்கள்.

அதிகாரி வந்தது ஞாயிற்றுக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை வேலை செய்கிற அரசு ஊழியரை நான் பார்த்தது அன்றைக்குத்தான். மறுநாள் அவருக்கு வேலூரில் வேலையாம். காப்பிக் கடை மாடியில் இருந்த சங்கத்து அறையில் கரண்ட் இல்லை என்பதால், செயலாளர் வீடு என்று எல்லாரையும் நம் கூடத்துக்கே அழைத்து வந்துவிட்டீர்கள். வந்தவாசிக்காரர்கள் வருகிற அதே நாள் என்பது உங்களுக்கு ஞாபகமில்லையா, இல்லை வேண்டுமென்றே மறந்தீர்களா? இதைக் கேட்க வேண்டும் என்று எத்தனையோ தடவை நினைத்து, கேட்காமலே விட்டேன்.

ஒல்லியான மனிதர், ரிட்டயர் ஆகிற வயசு. வெயிலில் அலைந்த முகம். படிவத்தை விரித்து வைத்துக்கொண்டு பொறுமையாகத்தான் விளக்கினார். "இது வரி சம்பந்தப்பட்டது இல்லீங்க. புதுசா ஒண்ணைக் கண்டுபிடிக்க, இருக்கறதை மேம்படுத்த, நீங்க என்ன செலவு செஞ்சீங்கன்னு சொன்னா போதும்."

கூடத்தில் இருந்தவர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் "பூஜ்யம்" என்றார்கள். பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்கிற மாதிரி ஒரே வேகம்.

"ஊரே பூஜ்யமா?" என்றார் அவர்.

"ஆமா சார்," என்றார் கண்ணப்பன் அண்ணன். "நாங்கள்லாம் பரம்பரையா செஞ்சதையே செஞ்சிகினு இருக்கறவங்க. புதுசா எதையாவது செஞ்சிட்டு எங்களுக்கு இன்னாத்துக்கு சார் பேஜாரு?"

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். "போன இடமெல்லாம் இதையேதாங்க சொல்றாங்க. நம்ம நாடு நூறு ரூபா சம்பாதிச்சா அதுல ஒரு ரூபாகூட ஆராய்ச்சிக்குப் போறதில்லைன்னு கணக்கு. பெரிய பெரிய கம்பெனிக்கு ஆராய்ச்சிக்குன்னு தனி ரூம் இருக்கு, தனி ஆள் இருக்கு, தனிக் கணக்கு இருக்கு. அதனால அவங்களை எண்ணிடறோம். உங்களை மாதிரி இடத்துல அது எங்கயோ வீட்டுச் செலவோட கலந்து கிடக்குது. அதைத் தேடித்தான் அலையறேன். எனக்கு ஒருத்தரும் காட்ட மாட்டேங்கறாங்க." அவர் குரலைக் கேட்டு எனக்கே பாவமாக இருந்தது.

இதற்குள் வந்தவாசிக்காரர்கள் வந்துவிட்டார்கள். பையனின் அம்மாவும் அப்பாவும். கூடத்தில் இடமில்லாமல் உள்ளறைக் கதவோரம் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். பையனின் அம்மா என் புடவையைத்தான் முதலில் பார்த்தார். அன்றைக்கு நான் கட்டியிருந்தது மயில் புடவை. தறியில் உருவம் விழவைக்கிற ஜக்கார்டு அட்டைகளை வரிசை மாற்றிக் கோர்த்துவிட்டதால் உடம்பு முழுக்க மயில்கள் தலைகீழாக விழுந்த புடவை. யாரும் கேட்கும் முன்பே, 'மயில் தண்ணி குடிக்குது' என்று நீங்கள் அளந்துவிட்டிருந்தீர்கள்.

காப்பித் தட்டோடு கூடத்துக்கு வந்தேன். அதிகாரி தம்ளரை எடுத்தார், என் முந்தானையைப் பார்த்தார், தலையைச் சாய்த்து இன்னொரு தடவை பார்த்தார். "அம்மா, தப்பா நினைக்காதீங்க. இந்த மயிலெல்லாம் ஏன் தலைகீழா இருக்குது?"

ஊரில் ஒருத்தர்கூட இதைக் கேட்டதில்லை. கேட்டால் தன் வீட்டுப் புடவையைப் பற்றியும் மற்றவர் கேட்பார் என்கிற பயம் என்பது பிறகுதான் புரிந்தது. கூடத்தில் எல்லாரும் மின்விசிறியைப் பார்த்தார்கள். கதவோரத்திலிருந்து வந்தவாசி அம்மா சொன்னார். "புது மாடல்ங்களாம் சார். இவங்க வாரத்துக்கு ஒண்ணு கட்டுவாங்களாம்."

என் முகம் சுருங்கிவிட்டது. நான் இத்தனை வருஷம் பழகிய அந்த முகம் அன்றைக்கு எனக்கு வரவில்லை. நீங்கள் அதைப் பார்த்தீர்கள். பார்த்துவிட்டுத் தறிக் கொட்டகைப் பக்கம் திரும்பினீர்கள். போய்விடுவீர்கள் என்றுதான் நினைத்தேன்.

"சார், அது மாடல் இல்லை. தப்பு," என்றீர்கள்.

கண்ணப்பன் அண்ணன் உங்கள் வேட்டியைப் பிடித்து இழுத்தார். நீங்கள் தட்டிவிட்டீர்கள். "இவ கட்டறது எல்லாமே என் தப்பு சார். புதுசா ஒண்ணு செஞ்சி பார்ப்பேன், வராது. வராததை எல்லாம் இவதான் கட்டுவா. ஒண்ணுகூட இவ கேட்டு வாங்கினதில்லை. இவளுக்குப் பட்டே புடிக்காது. வாயில் புடவைதான் புடிக்கும்."

தட்டை அப்படியே கீழே வைத்தேன். அவ்வளவு பேர் நடுவில் எனக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. இத்தனை பெரிய விஷயத்தை இத்தனை வருஷம் கழித்தா சொல்வது என்று கோபமும் வந்தது.

அதிகாரி மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்படி ஒரு வெளிச்சம் அவர் முகத்தில். பேனாவைத் திறந்து, "எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்கம்மா" என்றார்.

பீரோவைக் காலி செய்து கூடத்தில் கொண்டு வந்து பரப்பினேன். சுமதியும் கூட வந்து தூக்கினாள். அவர் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, உங்களைக் குறுக்கு விசாரணை செய்து, தீர்ப்புச் சொன்னார். முடிவு என்ன ஆகும் என்று தெரியாமல் புதிதாக ஒன்றை முயன்று பார்த்திருந்தால் அது ஆராய்ச்சி. செய்யத் தெரிந்ததைக் கவனமில்லாமல் கெடுத்திருந்தால் அது ஆராய்ச்சி இல்லை. நீலப் புடவை ஆராய்ச்சி. முழங்காலில் கிழிந்தது ஆராய்ச்சி. தேனீப் புடவையைக் கொஞ்ச நேரம் மோந்து பார்த்துவிட்டு, "இதுவும்தான்" என்றார்.

மயில் புடவைக்கு வந்தபோது உதட்டைப் பிதுக்கினார். "இது சும்மா தப்புங்க. அட்டையை மாத்திக் கோத்துட்டீங்க. இதுல என்ன ஆராய்ச்சி இருக்குது?"

உங்களுக்கு வந்ததே ரோஷம். "சார், இதைப் பார்த்துட்டு இதே மாதிரி வேணும்னு ஆர்டர் வந்துச்சி சார்."

"வந்தா அது வியாபாரம். ஆராய்ச்சி இல்லை."

நீங்கள் விடவில்லை, அவரும் விடவில்லை. தன் தப்பை ஆராய்ச்சியில் சேர்க்கச் சொல்லி ஒரு மனிதர் அரசாங்கத்தோடு மல்லுக்கட்டியதைப் பார்த்து வந்தவாசி அப்பா, உரக்கடைக்காரர், வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

கடைசியில் ஒரு புடவை மிச்சம் இருந்தது. அரக்குச் சிவப்பு, பச்சைக் கரை. சேகர் பிறந்த வருஷம் நீங்கள் கொடுத்தது. "முந்தானையில ஒரு இழை தப்பிடுச்சி. யாருக்கும் தெரியாது, நீ கட்டிக்கோ" என்று சொல்லிக் கொடுத்தீர்கள். அந்த இழையை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று எத்தனை கல்யாணத்தில் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டே உட்கார்ந்திருப்பேன் தெரியுமா?

அதிகாரி அதை வெளிச்சத்தில் பிடித்தார். மடிப்பு மடிப்பாகத் திருப்பினார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "இதுல என்ன தப்புங்க? எனக்கு ஒண்ணும் தெரியலையே." கண்ணப்பன் அண்ணன் வாங்கிப் பார்த்தார். கூடத்தில் இருந்த எல்லாரும் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். நூலிலேயே பிறந்து வளர்ந்த கண்கள் அத்தனையும். ஒருத்தருக்கும் அகப்படவில்லை.

உங்கள் காது சிவந்து போனது. "அதை வுட்டுடுங்க சார். அது கணக்குல வராது. வசந்தா, நீ அதை உள்ள கொண்டு போ."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. அதை நீங்கள் கொடுத்த அன்றைக்கு வீட்டில் உங்கள் அம்மா இருந்தார், கோமளா இருந்தாள். பண்டிகையும் இல்லாமல் விசேஷமும் இல்லாமல் பெண்டாட்டிக்கு ஒரு நல்ல புடவை கொடுக்க வழி தெரியாமல், அதையும் தப்பு என்று சொல்லிக் கொடுத்திருக்கிறீர்கள். அடப் பாவி மனுஷா. காதில் ரகசியமாகவாவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அந்த முந்தானையைப் பறக்கவிட்டிருக்க மாட்டேனா?

அதை மடித்து எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். காலியான பீரோவில் அதை மட்டும் வைத்துப் பூட்டினேன். திரும்பி வரும்போது கூடமே மாறிப் போயிருந்தது. கண்ணப்பன் அண்ணன் எழுந்து நின்று, "சார், என் பொண்டாட்டியையும் எழுதிக்கோங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் பின்னால் ஒருவர். அவர் பின்னால் இன்னொருவர். ஊரில் பட்டு கட்டித் திரிந்த முதலாளி வீட்டு அம்மாக்கள் அத்தனை பேரும் என் ஜாதிதான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒருத்தியைப் பார்த்து ஒருத்தி பொறாமைப்பட்டுக்கொண்டு இருந்திருக்கிறோம். சாயங்காலம் வரை வீடு வீடாகப் புடவை மூட்டை வந்தது. அதற்கப்புறம் ரொம்ப நாள், கோயிலில் பார்த்துக்கொண்டால் நாங்கள் "நல்லா இருக்கியா" என்று கேட்பதில்லை. "இது ஆராய்ச்சியா, தப்பா?" என்றுதான் கேட்போம்.

வந்தவாசி அம்மா கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். "இத்தினி வருஷம் ஊரு பேசற பேச்சை வாங்கிக்கினு, வீட்டுக்காரர் தப்பை வெளியே வுடாம கட்டிக்கினு இருந்தீங்களே. உங்க வளர்ப்புதான் எங்க வீட்டுக்கு வேணும்" என்றார். உரக்கடைக்காரர், "எங்க கடையிலயும் மறைக்க வேண்டியது கொஞ்சம் இருக்குது" என்று சேர்த்துக்கொண்டார். சுமதி இப்போது அந்தக் கடையின் கல்லாவில் உட்கார்ந்து எல்லாரையும் மிரட்டிக்கொண்டு இருக்கிறாள். உங்கள் பேத்தி உங்களைப் போலவே பொம்மையைப் பிரித்துப் பார்க்கிறாள், திரும்பப் பூட்டத் தெரியவில்லை.

நீங்கள் பயந்த மாதிரி யாவாரம் போகவும் இல்லை. ஊரே ஒத்துக்கொண்டபின் யார் யாரைச் சொல்ல? ஆனால் ஒன்று நடந்தது. கொஞ்ச மாதம் கழித்து அந்த அதிகாரி உங்களுக்கு ஒரு கார்டு போட்டார். நம் ஊர்க் கணக்கை மேலே ஏற்றுக்கொள்ளவில்லையாம். ஆராய்ச்சிக் கூடம் எங்கே என்று கேட்டார்களாம், பீரோ என்று எழுத முடியவில்லையாம். மன்னிக்கச் சொல்லியிருந்தார். அந்த வருஷம் நாட்டின் ஆராய்ச்சிச் செலவு இவ்வளவு என்று பேப்பரில் ஒரு கணக்கு வந்தபோது நீங்கள் அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "இதுல நீ இல்லை வசந்தா" என்றீர்கள். எனக்கு அது பெரிசாகப் படவில்லை. உங்களுக்குப் பட்டது.

இப்போதைய சங்கதிக்கு வருகிறேன். நீங்கள் போய் மூன்று வருஷம் ஆகிறது. காரியம் முடிந்த அன்றே கோமளா, "அண்ணி, இனிமே பட்டெல்லாம் எடுத்துப் பெட்டியில வெச்சிடுங்க" என்றாள். வைத்துவிட்டேன். நான் ஆசைப்பட்ட வாயில் புடவை, தினமும் வாயில் புடவை. காற்றாக இருக்கிறது. நான் கேட்டது கிடைத்தது, கேட்டவிதமாகக் கிடைக்கவில்லை. உடம்பில் பாரமே இல்லாமல் இருப்பது எனக்குப் பழக்கம் இல்லை மாமா.

சேகர் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் செய்கிறான். மயில் தலைகீழாக விழுந்தால் தறிக்கு வரும் முன்னாலேயே தெரிந்துவிடுகிறது. சரி, நம் பிள்ளை தப்பிவிட்டான் என்று நினைத்தேன். ரத்தம் சும்மா விடுமா? பட்டோடு வாழைநார் கலந்து நெய்கிறேன் என்று ஆரம்பித்திருக்கிறான். முதல் புடவை தறியிலிருந்து இறங்கியது. பார்க்க லட்சணமாகத்தான் இருக்கிறது. உடம்பில் பட்டால் அரிக்குமா, வியர்த்தால் சாயம் விடுமா, உட்கார்ந்து எழுந்தால் தாங்குமா, இதெல்லாம் கம்ப்யூட்டர் சொல்லாதாம். யாராவது ஒருநாள் முழுக்கக் கட்டிப் பார்க்க வேண்டுமாம்.

மருமகள் தீபாவிடம் கேட்டான். பேங்கில் வேலை செய்கிற பெண். "கட்டிக்கினு கவுண்டர்ல உக்காந்து சொறிஞ்சிகினு இருந்தா, மேனேஜர் எனக்கு மெமோ குடுத்துடுவாரு" என்றாள். நியாயம்தான். நமக்கு வாய்த்ததுபோல எல்லாருக்கும் அந்த முகம் வாய்க்குமா? சேகர் புடவையை மடித்து பீரோவில் வைத்துவிட்டான். என்னைக் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று நினைத்திருக்கிறான், பாவம்.

போன வெள்ளிக்கிழமை கூடத்தில் உட்கார்ந்து டில்லிப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தான். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். வாய்விட்டுப் படித்துக்கொண்டே எழுதுவது உங்கள் வழக்கம்தான் அவனுக்கும். "ஆராய்ச்சிப் பணியில் உள்ளவர்கள். ஆண், ஒண்ணு. பெண்..." கொஞ்சம் நிறுத்தினான். "இல்லைன்னு போட்டுடலாம்."

"சேகரு, பேனாவைக் கீழே வை," என்றேன். கையைத் துடைத்துக்கொண்டு நேராக பீரோவுக்குப் போனேன்.

வாழைநார்ப் பட்டைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தேன். அவன் எழுந்து நின்றுவிட்டான்.  செருப்பை மாட்டிக்கொண்டு பஜாருக்கு நடந்தேன். காய் வாங்கினேன், கோயிலுக்குப் போனேன், வெயிலில் வேண்டுமென்றே சுற்றி வந்தேன். திரும்புகிற வழியில் உங்கள் தங்கை எதிரில் வந்தாள். தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

"அண்ணி, இன்னா இது? அண்ணன் போனப்புறம் பட்டு கட்டிக்கினு..."

"வேலைக்குப் போய்ட்டு வரேன் கோமளா," என்றேன்.

 எனக்கு அதற்குமேல் நிற்க முடியவில்லை, முதுகு அப்படி அரித்தது. வீட்டுக்கு வந்து சேகரை உட்கார வைத்தேன். இடுப்பில் அரிக்கிறது, கழுத்தில் அரிக்கவில்லை, சாயம் விடவில்லை, உட்கார்ந்து எழுந்தால் தாங்குகிறது, நாரைக் குறைத்து நூல் முறுக்கை மாற்றிப் பார் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். எழுதிக்கொண்டான். எழுதி முடித்தபின், "இப்ப அந்தப் படிவத்தை எடு" என்றேன். எடுத்தான். பெண்கள் என்ற கட்டத்தில் ஒன்று என்று போட்டான். அவன் கண் கலங்கியிருந்தது. நான் முதுகைச் சொறிந்துகொண்டே அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

டில்லியில் இந்தத் தடவை ஏற்றுக்கொள்வார்களா என்று தெரியாது. அதிகாரி யாராவது வந்து கேட்டால் நானே பதில் சொல்லிக்கொள்கிறேன். உங்களுக்கு ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். நம் பிள்ளை நெய்து கெடுப்பதை எல்லாம் உடம்பில் தெம்பு இருக்கும்வரை நான் கட்டுவேன். புது மாடல் என்று இனி ஒருத்தரிடமும் பொய் சொல்ல மாட்டேன். அரித்தால் அரிக்கிறது என்றே சொல்வேன். அடுத்த புடவை இறங்கட்டும், அது எப்படி இருந்தது என்று உங்களுக்கும் சொல்கிறேன்.

உங்கள் மாமன் மகள்,
உங்கள் தப்பை எல்லாம் கட்டிக்கொண்டவள்,
வசந்தா
ஆரணி